கட்சிக்காரனைக் கைவிடும் சட்டத்தரணியிடம் கணக்குக் கேட்பவர் யார்?

நோய் கண்டவன் வைத்தியரை நம்புகிறான். வழக்குக் கண்டவன் சட்டத்தரணியை நம்புகிறான். வைத்தியரை நம்பியவனுக்கு ஒரு வசதி உண்டு. மருந்து பலிக்கிறதா இல்லையா என்பதைத் தன் உடம்பைக் கொண்டே ஓரளவு அறிந்துகொள்வான். சட்டத்தரணியை நம்பியவனுக்கோ அந்த வசதியும் இல்லை. கையொப்பத்தையும் காசையும் காணி உறுதியையும் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் ஒருவன், தன் வழக்கு உயிரோடிருக்கிறதா செத்துவிட்டதா என்பதை அறிய அந்தச் சட்டத்தரணியின் வாய்ச்சொல்லையே எதிர்பார்த்திருக்க வேண்டியவனாகிறான். இத்தகைய நம்பிக்கையை ஏற்றுக்கொள்ளும் தொழிலுக்கு ஏனைய தொழில்களினும் கடுமையான கட்டுப்பாடு வேண்டுமென்பதை எவர்தாம் மறுப்பர்?

தமிழ் மக்கள் சட்டத்தரணிகளை மதித்தது போல வேறெந்தத் தொழிலாளரையும் மதித்ததில்லை எனலாம். அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் நம் முன்னோர் வழங்கிய சொற்களில் பயமும் இருந்தது, பக்தியும் இருந்தது. காணியை மட்டுமன்றி அரசியலையும் நாம் அவர்களிடமே ஒப்படைத்தோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன், ஜீ. ஜீ. பொன்னம்பலம், சா. ஜே. வே. செல்வநாயகம், மு. திருச்செல்வம் ஆகிய யாவரும் நியாயதுரந்தரர்களாக விளங்கியோரே. நேர்மையும் உழைப்பும் மிக்க சட்டத்தரணிகள் அன்றும் இருந்தனர். இன்றும் வடக்கிலும் கிழக்கிலும் உளர். போர்க் காலத்தில் உயிரைப் பொருட்படுத்தாது நீதிமன்றம் ஏறியோரையும், காணாமற் போனோரின் தாய்மாருக்காகக் கூலி பெறாது வாதாடியோரையும் நாம் மறந்தோமல்லோம். ஆனால் தொழிலின் பெருமையைக் காட்டி அத்தொழிலுக்குள் நடக்கும் சிறுமையை மூடிவைப்பது அந்த நல்லோருக்கே நாம் இழைக்கும் அநீதியாகும்.

முகவர் தவறினால் முதல்வன் விழுவான்

நாம் முதலில் ஒன்றைத் தெளிவாக்கவேண்டும். வழக்கில் தோற்பது வேறு. சட்டத்தரணியால் கைவிடப்படுவது வேறு. இரு பகுதியார் நின்றால் ஒருவர் தோற்றே தீரவேண்டும். திறமையோடும் உண்மையோடும் வாதாடித் தோற்ற சட்டத்தரணிமீது குறை கூறுவது முறையன்று. நாம் கூறுவது அவரைப் பற்றியதன்று. பணத்தைப் பெற்றும் வழக்கைத் தொடராதவர், தொடர்ந்த வழக்கின் தவணைக்கு வராதவர், தள்ளுபடியான வழக்கை நடப்பதாகச் சொல்லிக் கட்சிக்காரனை ஆண்டுக்கணக்கில் அலைக்கழிப்பவர், இணக்கப் பணத்தைக் கைப்பற்றிக் கணக்குக் காட்டாதவர், எதிர்க்கட்சியோடு மறைவில் உறவு கொள்பவர் ஆகியோரைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

இவர்களால் விளையும் கேடு எத்துணைப் பெரிதென்பதை உணர, சட்டத்தின் அமைப்பைச் சிறிது நோக்கவேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 27ஆம் பிரிவின்படி, கட்சிக்காரன் கையொப்பமிட்டு நீதிமன்றத்திற் கோவைப்படுத்தும் நியமனப் பத்திரமே சட்டத்தரணிக்கு அதிகாரம் அளிக்கிறது. நம்மவர் 'புறொக்சி' என்பது இதனையே. அது ஏட்டில் இருக்கும்வரை அந்த வழக்கில் எடுக்கவேண்டிய நடவடிக்கைகளை அவர் மூலமாகவே எடுக்கவேண்டும். அதனை நீக்குவதற்கும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஆகவே, தன் சட்டத்தரணி உறங்குகிறார் என்று கண்ட கட்சிக்காரன் தானே எழுந்து வழக்கை நடத்திவிட முடியாது.

இனிக் காலவரையறையைப் பாருங்கள். மாவட்ட நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்புக்கெதிராக மேன்முறையீடு செய்வோர் 14 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்கவேண்டும். 60 நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனுவைத் தாக்கல் செய்யவேண்டும். அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும். இவை படலைக் கதவு போன்றவையல்ல. ஒருமுறை மூடினால் தட்டித் திறப்பது அரிது. சட்டத்தரணியின் மேசையிலே ஒரு கோவை சில கிழமைகள் தூங்கினால், மூன்று தலைமுறை உழுத நிலம் கைமாறிப் போகலாம்.

அப்படிப் போகுமிடத்து நீதிமன்றம் என்ன கூறும்? சட்டத்தரணியின் வெறும் பிழையைப் பொதுவாக மன்னிக்கலாம். ஆனால் அவரது கவனயீனத்தைப் பொதுவாக மன்னிக்கவியலாது, அதன் விளைவைக் கட்சிக்காரனே அனுபவிக்க நேரிடும் என்பது 1991ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் விளக்கிய கோட்பாடு. சட்ட நோக்கிலே இதற்கு நியாயம் உண்டு. எதிர்க்கட்சிக்காரனும் ஒரு மனிதனே. என் சட்டத்தரணி தவறிவிட்டார் என்ற ஒரு சொல்லுக்காக முடிந்த வழக்குகளையெல்லாம் திறப்பதானால் எந்தத் தீர்ப்புக்கும் முடிவிராது. நன்று. ஆனால் இந்தக் கோட்பாட்டுக்கு மறுபக்கம் ஒன்று இருந்தே தீரவேண்டும். முகவரின் குற்றத்துக்கு முதல்வன் தண்டனை அனுபவிப்பதே சட்டமானால், அந்த முகவரைக் கணக்குக் கேட்கும் வாயில் அகலத் திறந்திருக்கவேண்டும். ஒரு கதவைச் சட்டம் அடைக்கும்போது மறு கதவும் அடைபட்டிருக்குமாயின், அந்தக் கட்சிக்காரன் எங்கே போவான்?

காணியே கதியான மக்கள்

நம் மக்களுக்கு இந்த வினா ஏட்டு வினாவன்று. சுன்னாகத்துத் தோட்டக்காரனுக்கும் பரந்தன் வயற்காரனுக்கும் காணியே சொத்து, காணியே சீதனம், காணியே முதுமைக்கு ஊன்றுகோல். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம் வந்த நாள்முதல், காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட்டாலொழியச் செல்லாது. நம் பகுதிகளில் நொத்தாரிசு வேலையைப் பெரும்பாலும் சட்டத்தரணிகளே செய்கின்றனர். எனவே, ஒரு குடும்பத்தின் உரிமை முழுவதும் ஒருவரின் பேனாமுனையில் நிற்கிறது.

1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச்சட்டம் அவர்மீது பல கடமைகளைச் சுமத்தியிருக்கிறது. உறுதியை வாசித்து விளக்கவேண்டும். உறுதி முடிப்பவர் இன்னாரென்று அறிந்திருக்கவேண்டும், அல்லது அறிந்த சாட்சிகளைக் கொண்டிருக்கவேண்டும். முடித்த உறுதிகளின் இணைப் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆந் திகதிக்குள் காணிப் பதிவாளருக்குச் சேர்ப்பிக்கவேண்டும். ஆயினும் இணைப் பிரதியை அனுப்புவது வேறு, உறுதியைக் காணிப் பதிவேட்டிற் பதிவுசெய்விப்பது வேறு என்பதை உழவர் பலர் அறியார். 1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச்சட்டத்தின்படி, முன்னெழுதிய உறுதி பதியப்படாமற் கிடக்க, அதே காணிக்குப் பெறுமதி கொடுத்துப் பின்னெழுதிய உறுதி முந்திப் பதியப்பட்டால், பின்னையதே முன்னையதை வெல்லும். பதிவுசெய்வதாகச் சொல்லிப் பணத்தைப் பெற்றுப் பதிவுசெய்யாது விடும் ஒருவர் வெறும் சோம்பேறி அல்லர். ஒரு குடும்பத்தின் நிலத்தைக் கள்வனுக்குத் திறந்துவைத்தவர்.

பத்து ஆண்டுகள் இடையூறின்றி எதிரிடையாக ஆண்டவன் காணிக்கு உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம். போரினால் இடம்பெயர்ந்தோர் இதனாற் கெடலாகாதென்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காதிருக்க ஏற்பாடு செய்தது. ஆனால் அதன்படி வழக்குத் தொடுக்க வரையறுத்த காலமே வழங்கப்பட்டது. கால் நூற்றாண்டு அகதியாய் அலைந்து திரும்பிய ஒருவனிடம், உனக்கு இப்படியொரு சட்டம் இருக்கிறது, இன்ன நாளுக்குமுன் வழக்கை வைக்கவேண்டும் என்று உரிய வேளையிற் சொல்லாத சட்டத்தரணியைக் குண்டு வீசியவரோடு நாம் ஒப்பிடவில்லை. ஆனால் குண்டுக்குத் தப்பிய உறுதி, அவரது அசட்டைக்குத் தப்பாமற் போகலாம் என்று மட்டும் கூறுகிறோம்.

சட்டம் உண்டு, எட்டும் வழி உண்டா?

ஒழுக்கத்துக்குச் சட்டமே இல்லையா? உண்டு. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தினால் அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற இரு வகுப்பும் ஒன்றாக்கப்பட்டு, 1974 முதல் யாவரும் சட்டத்தரணி என்ற ஒரே பெயரைப் பெற்றனர். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, வஞ்சகம், தொழில் முறைகேடு, குற்றம், தவறு ஆகியவற்றைப் புரிந்த சட்டத்தரணியை உயர் நீதிமன்ற நீதியரசர் மூவர் ஒருங்கிருந்து தொழிலிலிருந்து இடைநிறுத்தலாம், அன்றேல் நீக்கலாம் என்கிறது. ஆங்கிலேயர் காலத்து 1889ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டளைச்சட்டத்திலிருந்து வரும் சொற்களே இவை. 1988 டிசம்பர் 7ஆந் திகதி வர்த்தமானியில் வெளியான உயர் நீதிமன்றத்தின் ஒழுக்கவிதிகள் இன்னும் விரிவானவை. நற்பெயரும் தகுதியும் வாய்ந்த சட்டத்தரணிகள் இழிவென்றும் மானக்கேடென்றும் கருதக்கூடிய விதத்தில் நடத்தலாகாது என்பது 60ஆம் விதி. சட்டத்தரணிக்குத் தகாத விதத்தில் நடத்தலாகாது என்பது 61ஆம் விதி. நீதியரசர் ஏ. ஆர். பி. அமரசிங்க இத்தொழிலின் ஒழுக்கத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். உயர் நீதிமன்றம் இவ்வதிகாரத்தைப் பயன்படுத்திச் சிலரைத் தொழிலினின்றும் நீக்கியும் இருக்கிறது.

சட்டம் நன்று. எனினும் அதிற் கைவிடப்பட்ட கட்சிக்காரனுக்கு மூன்று குறைகள் இருக்கின்றன.

முதலாவது, தூரம். தண்டிக்கும் அதிகாரம் கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது. முறைப்பாட்டைச் சத்தியக் கடதாசியோடு ஆயத்தம் செய்து, அழைத்த நாட்களிலெல்லாம் போய்வரவேண்டும். முல்லைத்தீவுக் கடலோரத்து விதவையொருத்திக்கும் வாகரைக் கமக்காரனுக்கும் இது எளிதா? மேலும், வடக்கு கிழக்கின் நீதிமன்ற மொழி தமிழ் என்று 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வகுத்திருந்தும், புதுக்கடையின் மேல் மன்றங்களில் நடப்பவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. சட்டத்தரணியால் வஞ்சிக்கப்பட்டவன் அதை முறையிட இன்னொரு சட்டத்தரணியைத் தேடிப் பிடிக்கவேண்டியவனாகிறான். சிறு பட்டினத்தில் ஒரே மன்றத்தில் நாள்தோறும் முகம் பார்க்கும் சகபாடிக்கெதிராக எழுத எத்தனைபேர் முன்வருவர்?

இரண்டாவது, காலம். இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தைப் பாருங்கள். மாநில வழக்கறிஞர் மன்றத்தின் ஒழுக்கக் குழு முறைப்பாட்டை ஓராண்டுக்குள் தீர்க்கவேண்டும். தீர்க்காவிடின் அது இந்திய வழக்கறிஞர் மன்றத்துக்கு மாற்றப்படும் என்று அச்சட்டமே கூறுகிறது. அங்கும் குறைகள் இருக்கலாம். ஆனால் ஒரு கெடுவேனும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. முறையிட்டவன் நாளை எண்ணிக் கேட்கலாம். நம் நாட்டில் அப்படிக் கேட்க அவனுக்கு ஏடு எங்கே?

மூன்றாவது, ஈடு. இதுவே பெரிய குறை. மூன்று நீதியரசர் கூடி ஒரு சட்டத்தரணியின் பெயரை ஏட்டிலிருந்து வெட்டினாலும், வெட்டுண்ட பெயரால் உழவனின் வயல் திரும்பி வருமா? ஒழுக்க நடவடிக்கை தொழிலின் மானத்தைக் காக்கிறது. கட்சிக்காரனின் நட்டத்தை அது நிரப்புவதில்லை. நட்டஈட்டுக்கு வேறு வழக்குப் போடலாம் என்பர். ஒரு வழக்கினால் அழிந்தவனுக்கு இன்னொரு வழக்கையே மருந்தாகக் கொடுப்பது எவ்வகை வைத்தியம்? இங்கிலாந்திலே வழக்குரைஞர் நிறுவனங்கள் தொழிற் பொறுப்புக் காப்புறுதி வைத்திருப்பது கட்டாயம். நேர்மையற்றோராற் பணமிழந்தோருக்கு நட்டஈட்டு நிதியமும் உண்டு. 2010 முதல் செயற்படும் சட்டச் சேவைக் குறைகேள் அதிகாரி 50,000 பவுண்வரை ஈடு வழங்கக் கட்டளையிடலாம். கறுப்பங்கியையும் வாதமுறையையும் அந்நாட்டிலிருந்து பெற்ற நாம், கட்சிக்காரனுக்கான இந்தக் காவலை மட்டும் ஏன் பெறாது விட்டோம்?

மறுப்புரைகளும் மறுமொழியும்

சட்டத்தரணிகள் சிலர் நம்மீது சினங்கொள்ளலாம். தோற்றவனெல்லாம் பொய் முறைப்பாட்டோடு வருவான். எம்மால் தொழில் நடத்த இயலாது என்பர். பொய் முறைப்பாடு இருக்கும் என்பது மெய்யே. அதனாலன்றோ விரைவான முதல் விசாரணை வேண்டுமென்கிறோம். பொய்யைத் தொடக்கத்திலேயே தள்ளினால் நல்ல சட்டத்தரணியின் பெயர் காக்கப்படும். ஆண்டுக்கணக்கில் தொங்கும் முறைப்பாடு குற்றவாளிக்கு நிழல், குற்றமற்றவருக்குத் தணல்.

தாமதம் நீதிமன்றத்தினுடையது, எம்முடையதன்று என்பர். இதிலும் உண்மை உண்டு. பாகப்பிரிவினை வழக்குகள் தந்தை தொடுக்க மைந்தன் முடிக்கும் நிலையில் இருப்பதற்கு நீதிபதிகளின் தொகையும் வழக்குகளின் பெருக்கமும் காரணங்களாம். ஆனால் நீதிமன்றத் தாமதம் கட்சிக்காரனிடம் உண்மையைச் சொல்வதைத் தடுக்கவில்லையே! அடுத்த தவணை எப்போது, சென்ற தவணையில் நடந்தது யாது, தள்ளுபடியானதற்குக் காரணம் என்ன என்று ஒரு துண்டிலே எழுதிக் கொடுக்க எந்த மன்றமும் தடை போட்டதில்லை.

சட்டத்தரணிகளின் சுதந்திரத்தில் வெளியார் கைவைக்கலாகாது என்பர். அரசாங்கம் கைவைக்கலாகாது என்பதில் நாம் அவர்களினும் பிடிவாதமுடையோம். ஆட்சியாளருக்கு அஞ்சாத சட்டத்தரணி இல்லையேல் தமிழனுக்குப் பாதுகாப்பே இல்லை. ஆனால் அந்தச் சுதந்திரம் ஆட்சியாளரிடமிருந்து கட்சிக்காரனைக் காப்பதற்காக வழங்கப்பட்டது. கட்சிக்காரனிடமிருந்து சட்டத்தரணியைக் காப்பதற்காக வழங்கப்பட்டதன்று. வேலியைப் பலமாக அடைப்பது பயிருக்காகவே. வேலியே பயிரை மேயுமாயின், அந்த வேலியின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவாருண்டோ?

வேண்டுவன

ஆகவே, நாம் வேண்டுவன நான்கு. ஒன்று: யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய மாவட்டம் ஒவ்வொன்றிலும் முறைப்பாடுகளைத் தமிழிலே பெற்று முதல் விசாரணை நடத்தும் ஏற்பாடு வேண்டும். விசாரிப்போர் அந்த மாவட்டத்து மன்றத்தில் தொழில் புரியாதோராய் இருத்தல் வேண்டும். இரண்டு: முறைப்பாட்டை இத்தனை மாதத்துக்குள் தீர்க்கவேண்டுமென்று சட்டத்திலேயே கெடு எழுதப்படல் வேண்டும். மூன்று: தொழிற் பொறுப்புக் காப்புறுதியும், சட்டத்தரணிகளின் ஆண்டுச் சந்தாவிலிருந்து சேர்க்கும் நட்டஈட்டு நிதியமும் ஏற்படல் வேண்டும். நான்கு: பெற்ற பணத்துக்குப் பற்றுச்சீட்டும் ஒவ்வொரு தவணைக்கும் எழுத்துமூல அறிவித்தலும் கட்சிக்காரனின் உரிமையென்று விதி வகுக்கப்படல் வேண்டும். இவற்றிற் சிலவற்றுக்குப் பாராளுமன்றம் வேண்டும். சிலவற்றுக்கு உயர் நீதிமன்றத்தின் விதி போதும். கடைசியானதற்கோ சட்டத்தரணிகளின் மனம் ஒன்றே போதும். நமது மாவட்டச் சட்டத்தரணிகள் சங்கங்கள் கொழும்பைப் பாராது அதனை நாளையே தொடங்கலாம்.

உழவர் பெருமக்களுக்கும் நாம் ஒரு சொல் கூறுவோம். வெற்றுக் கடதாசியிற் கையொப்பமிடாதீர்கள். ஆங்கிலத்தில் எழுதிய மனுவில், தமிழில் விளக்கம் கேட்டறியாமற் கையெழுத்து வைக்காதீர்கள். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்பது மரியாதைக் குறைவன்று. மூல உறுதியைக் கொடுக்குமுன் பிரதி எடுத்து வையுங்கள். வழக்கு இலக்கத்தை எழுதி வீட்டில் வையுங்கள். நீதிமன்றக் கந்தோரில் உங்கள் வழக்கின் நிலையை நீங்களே கேட்டறியுங்கள். புதிதாய் வாங்கிய காணியின் உறுதி பதியப்பட்டதா என்பதைக் காணிக் கந்தோரிற் சென்று பாருங்கள். சட்டத்தரணியைத் தரகர் மூலம் தேடாதீர்கள். வசதியற்றோர் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட நிலையத்தை நாடலாம். கைவிடப்பட்டோம் என்று கண்டால், விதியென்று நெற்றியைத் தொடாது முறைப்பாடு எழுதுங்கள். முறைப்பாடே எழாத நாட்டில் முறைகேடே இல்லையென்று கணக்குக் காட்டுவது எளிது.

படித்த பெருமக்களே, இது உழவனின் குறை மட்டுமென்று இருந்துவிடாதீர்கள். நீதிமன்றத்தின்மேல் மக்களுக்குள்ள நம்பிக்கை நீதிபதியின் ஆசனத்தில் தொடங்குவதில்லை; சட்டத்தரணியின் கந்தோர் வாங்கிலிலேதான் தொடங்குகிறது. அந்த வாங்கில் பொய்யாகிப் போனால் மன்றமும் பொய்யாகத் தோன்றும். அதன்பின் மக்கள் நியாயத்தைத் தேடிச் செல்லும் இடம் மன்றமாக இராது, பலமுள்ளவனின் வாசலாக இருக்கும். பலத்தின் ஆட்சியை வெகுகாலம் அனுபவித்த இனம் நாம். சட்டத்தின் ஆட்சி வேண்டுமென்று பிறரிடம் கேட்கும் நாம், அந்தச் சட்டத்தை நம் கைக்குக் கொண்டுவந்து தருவோர் தூயோராய் இருத்தல் வேண்டுமென்று நம்மவரிடமும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். அதை இன்றே கேட்போமாக!